மாடல் ரயில் கேள்வி பதில்: ராத்திரி ஓடிய தபால் கோச்சுகள்

சென்ற இதழில் பயணிகள் கோச் கட்டுவதைப் பற்றி எழுதியபோது, "தபால் கோச் தனி உலகம், அதை இன்னொரு நாள் பார்ப்போம்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தத் தடவை இத்தனை கேள்விகள். தபால் கோச் என்றால், ராத்திரி ஓடும் ரயிலிலேயே ஆட்கள் நின்று கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டு போன கோச். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டோம்.

முதல் தடவையாக ஒரு பழைய தபால் கோச் செய்யப் போகிறேன். முதலில் வரைபடம் தேடுவதா, கிட் (பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பெட்டி) வாங்குவதா?

இரண்டும் அப்புறம். முதலில் ஒரு ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள். எந்த வருடம், எந்த ரயில், எங்கிருந்து எங்கே போனது, இவ்வளவு தெரிந்தால் போதும். விளையாட்டாகச் சொல்லவில்லை. பயணிகள் கோச்சில் பத்து வருடம் முன்னே பின்னே போனாலும் பார்ப்பவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். தபால் கோச் அப்படி இல்லை. நாற்பது ஐம்பது வருடம் ஓடிய கோச்சுகள் உண்டு, அதற்குள் விளக்கு மாறும், கூரையில் காற்றுப்போக்கி மாறும், ஓடும்போதே தபால் பையைப் பிடிக்கப் பக்கத்தில் இருந்த வலையைக் கழற்றிவிடுவார்கள், நிறத்தையும் எழுத்தையும் மாற்றிவிடுவார்கள். பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடும் ரயிலிலிருந்து தபால் பையை எடுப்பதும் போடுவதும் 1971 அக்டோபர் தொடக்கத்தில் பென்ரித் என்ற ஊரோடு நின்றது. தபால் கோச்சுகளுக்கு ராயல் மெயிலின் பளிச்சென்ற சிவப்பு வந்தது 1980-களில். ஆனாலும் சிவப்புக் கோச்சில் வலையை விரித்து வைத்த மாடல்களைக் கண்காட்சிகளில் பார்க்க முடிகிறது. வேலை அருமையாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு கோச் எந்த ராத்திரியும் ஓடியதில்லை. தேதியை முடிவு செய்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும், கிட்டில் எதை ஒட்டுவது எதைத் தூக்கிப்போடுவது என்பது உட்பட.

நான் பார்த்த போட்டோவில் கோச்சின் ஒரு பக்கம் ஜன்னலே இல்லை. கிட்டில் இருக்கிறதே! எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு பக்கம். உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கடிதம் பிரிக்கும் சின்னச் சின்ன அறைகள், அதன் முன்னால் மேஜை, அங்கே ஜன்னல் வைத்தால் இடம் வீண். அதனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறும் பலகை அல்லது தகடு, மிஞ்சினால் மேலே கண்ணாடிப் பட்டை. எதிர்ப்பக்கம் பைகளை மாட்டும் கொக்கி வரிசை, கதவுகள், கொஞ்சம் ஜன்னல். ஆக தபால் கோச்சுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி வரைபடம் வேண்டும். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை ஊகித்து வெட்டினால் தகடுதான் வீணாகும்.

இதைவிட முக்கியமான சங்கதி, கோச் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது. பிரிட்டனில் ரயில் இடது தண்டவாளத்தில் போகும், பை பிடிக்கும் கருவி தண்டவாளத்தின் வெளி ஓரத்தில் நிற்கும், எனவே கோச்சின் வலை போகிற திசைக்கு இடப்பக்கம் இருந்தாக வேண்டும். திரும்பி வரும்போது கோச்சை அப்படியே இழுத்து வந்தால் வலை பக்கத்துத் தண்டவாளத்தின் பக்கம் வந்துவிடும். அதனால் பயணம் முடிந்ததும் கோச்சுகளையே திருப்ப வேண்டிய வேலை இருந்தது. போதாக்குறைக்கு அங்கே பல தபால் கோச்சுகளில் வெஸ்டிபியூல், அதாவது அடுத்த கோச்சுக்கு நடந்து போகும் வாசல், நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருக்கும். உள்ளே அறை வரிசைக்கு இடம் கிடைக்கும், பயணிகள் கோச்சோடு சேர்த்து நடந்து போக வழியும் இருக்காது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் மாடலில் இப்படி இரண்டு கோச்சை எதிரெதிராகத் திருப்பி மாட்டினால் ஒன்றின் வாசல் இடது ஓரம், மற்றதன் வாசல் வலது ஓரம் என்று நிற்கும். அண்டர்பிரேமின் அடியில் சின்னதாக ஒரு அம்புக்குறி வரைந்து வையுங்கள், கண்காட்சியில் அவசரமாகத் தண்டவாளத்தில் ஏற்றும்போது காப்பாற்றும்.

போட்டோவை நம்பும் முன் எழுத்து நேராகப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பழைய நெகட்டிவ்களைத் திருப்பி அச்சடித்த கூத்தும் உண்டு.

ஓடும் ரயிலில் பை எப்படி மாறியது? மாடலில் செய்ய முடியுமா?

பிரிட்டிஷ் முறையில் தண்டவாளத்தோரம் ஒரு இரும்புக் கம்பம், அதில் தடித்த தோல் பை தொங்கும், உள்ளே தபால். கோச்சின் பக்கவாட்டில் இருக்கும் வலையை உள்ளே இருப்பவர் நெம்புகோலை இழுத்து விரிப்பார். வலையின் முன்பக்கக் கயிறு பையின் பட்டையைத் தட்ட, பை கழன்று வலைக்குள் விழுந்து அப்படியே கோச்சுக்குள் உருண்டு வரும், அந்த நேரம் வழியில் யாரும் நிற்கக் கூடாது. கொடுப்பது இதற்குத் தலைகீழ்: கதவருகே இருக்கும் இரும்புக் கையில் பையை மாட்டி வெளியே தள்ளுவார்கள், தரையில் விரித்து வைத்திருக்கும் வலை அதைப் பறித்துக்கொள்ளும். எல்லாம் முழு வேகத்தில், இருட்டில். எந்தப் பாலத்தின் சத்தம் கேட்டதும் வலையை விரிக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் அங்கே நிற்க முடியும். அமெரிக்காவில் இவ்வளவு சம்பிரதாயம் இல்லை: எடுப்பதற்கு மட்டும் கதவில் ஒரு கொக்கிக் கை, கொடுப்பதற்கு மூட்டையைக் காலால் எட்டி உதைப்பதுதான் வழி.

மாடலில் முடியுமா என்றால், முடியும். ஹார்ன்பி டப்லோ என்ற பழைய பிரிட்டிஷ் பொம்மை ரயில் காலத்திலேயே பை எடுத்துப் போடும் செட் கடையில் விற்றது. ஆனால் அது பொம்மை. பையின் அளவைச் சின்னதாக்கினால் எடை அதைவிடப் பல மடங்கு குறைந்துபோகிறது, பை வலையில் விழாமல் தெறித்து ஓடும். பையை ஈயத்தில் செய்து ரயிலையும் மெதுவாக ஓட்டினால் ஓரளவு வேலை செய்யும். அந்த வித்தையில் ஆசை இருந்தால் ஒரு லேஅவுட்டை, அதாவது மாடல் ரயில் ஓடும் தண்டவாள அமைப்பை, அதற்கென்றே ஒதுக்குங்கள். எனக்கு அதில் ஆசை இல்லை. நான் சொல்வது, கருவியைத் தண்டவாளத்தோரம் அழகாக நிறுத்துங்கள், பை தொங்கட்டும், கோச்சின் வலையை மூடியே வையுங்கள். ஏனென்றால் வலை விரிந்திருந்தது சில நொடிதான், மற்ற நேரம் அது கோச்சோடு ஒட்டி மடிந்திருக்கும். வலையும் கையும் விரிந்தபடி பிளாட்பாரத்துக்குள் நுழையும் மாடலைப் பார்த்தால் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆட்களை நினைத்துப் பயமாக இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றால் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் சட்டம் செய்து, மெல்லிய நூலால் வலை கட்டி, கீழ் விளிம்பில் கீல் வைத்துவிடுங்கள். கொசுவலைத் துணி வேண்டாம், இந்த அளவில் அதன் கண் பூதமாகத் தெரியும்.

வலை எப்படி மடிகிறது என்பது போட்டோவில் புரியாது. இங்கிலாந்தில் டிட்காட் ரயில்வே மையத்திலும் கிரேட் சென்ட்ரல் ரயில்வேயிலும் இதை இன்றும் இயக்கிக் காட்டுகிறார்கள், அந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கோச்சின் பக்கத்தில் ஒரு துவாரம் தெரிகிறது. அது என்ன?

கடிதம் போடும் வாய். ரயில் நிற்கும்போது பொதுமக்கள் நேராகக் கோச்சிலேயே போட முடிந்தது, பிரிட்டனில் அதற்குக் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. மறக்காமல் செய்யுங்கள், இந்தச் சின்னத் துவாரம்தான் கோச்சைத் தபால் கோச் என்று காட்டிக் கொடுக்கும்.

எந்த ரயிலில், எந்த இடத்தில் தபால் கோச் மாட்டியிருந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய டைம்டேபிள்களைப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் இல்லை.

பயணிகளுக்கு விற்ற டைம்டேபிளில் இருக்காது, தபால் ரயிலில் பயணிகள் ஏற முடியாது என்றால் அந்த ரயிலே அதில் இருக்காது. உங்களுக்கு வேண்டியது ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்த வொர்க்கிங் டைம்டேபிள். அதோடு அதைவிட அரிதான இன்னொன்று, கோச் இயக்கப் புத்தகம். நாட்டுக்கு நாடு அதன் பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான்: ஒவ்வொரு ரயிலுக்கும் இன்ஜினிலிருந்து ஆரம்பித்து எந்தெந்தக் கோச் எந்த வரிசையில், எங்கே சேரும், எங்கே கழலும், மறுநாள் எந்த ரயிலில் திரும்பும். அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் ரயில்வே ஆர்வலர் சங்கங்களிடமும் இவை இருக்கும். ஒரு வருடத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம்.

இதைப் படிப்பதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் நள்ளிரவு. தபால் ரயில் ராத்திரியில்தான் ஓடும், தேதி நடுவில் மாறிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு எட்டரைக்குக் கிளம்பும் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அட்டவணையில் அது கிளம்பும் ஊரில் "எஸ்.எக்ஸ்", அதாவது சனி நீங்கலாக. அதே ரயில் அதிகாலை மூன்று மணிக்கு வேறொரு ஊரைத் தாண்டும்போது கிழமை மாறிவிட்டது, செவ்வாய் முதல் சனி வரை ஓடுகிறது, அங்கே "எம்.எக்ஸ்", திங்கள் நீங்கலாக. ஞாயிறுக்குத் தனிப் பக்கம். இதைப் பார்த்துவிட்டு இரண்டு வேறு ரயில்கள் என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. முதலில் எல்லாவற்றையும் கிளம்பிய கிழமைக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம்தான் மற்றது.

அடுத்தது, போன கோச் திரும்பி வந்தாக வேண்டும். திங்கள் ராத்திரி வடக்கே போன கோச் செட், செவ்வாய் ராத்திரிதான் தெற்கே வரும். இரண்டு திசையிலும் தினம் ரயில் ஓடினால் குறைந்தது இரண்டு செட் வேண்டும், பழுதுக்கு ஒன்றிரண்டு கூடுதல். உங்கள் கணக்கில் ஒரு கோச் ஒரே ராத்திரியில் இரண்டு முனையிலும் இருந்தால் எங்கோ ஒரு குறிப்பைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். பகலில் அது எந்த யார்டில் நின்றது என்று தேடுவதும் பயன் தரும். நல்ல போட்டோக்கள் பெரும்பாலும் அங்கே எடுத்தவைதான், ராத்திரி மூன்று மணிக்கு யார் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்?

புத்தகமே கிடைக்கவில்லையா, தபால் முத்திரைக்குப் போங்கள். என் அபிப்பிராயத்தில் இதைவிட மலிவான ஆவணம் கிடையாது, ரயில் மாடல் செய்பவர்கள் இதை ஏனோ கண்டுகொள்வதே இல்லை, தபால்தலை சேகரிப்பவர்கள் பக்கம் ஒதுங்கிவிட்டது. ஓடும் ரயிலில் பிரித்த கடிதத்தின் மேல் அந்த ரயிலிலேயே முத்திரை குத்துவார்கள். அமெரிக்க முத்திரையில் இரண்டு முனை ஊர்களின் பெயர், "ஆர்.பி.ஓ." (ரயில்வே போஸ்ட் ஆபீஸ்) என்ற எழுத்து, பல சமயம் ரயில் எண், தேதி. ஜெர்மன் முத்திரை நீள்வட்டமாக இருக்கும், அதிலும் ஊர்கள், கீழே ரயில் எண். நம் ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) முத்திரையில் டிவிஷன் எழுத்தும் செக்ஷன் (ஒரு செட் ஆட்கள் தபால் பிரித்துக்கொண்டு போகும் வழித்தடம்) எண்ணும் இருக்கும், அதோடு போகிறதா வருகிறதா என்பதற்கு "அவுட்" அல்லது "இன்", பிறகு எந்த செட் ஆட்கள் என்ற எண். "டி" என்றால் திருச்சி டிவிஷன், "எம்.ஏ." என்றால் மதுரை. ஒரே செக்ஷனின் கவர்களைத் தேதி வாரியாக அடுக்கினால் எத்தனை செட் ஆட்கள் மாறி மாறிப் போனார்கள் என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒன்றே ஒன்றில் ஜாக்கிரதை. முத்திரை சொல்வது ஆட்களின் பயணத்தை, கோச்சின் பயணத்தை அல்ல. நடுவழியில் செக்ஷன் முடிந்து ஆட்கள் இறங்கிப் புதிய ஆட்கள் ஏறலாம், கோச் அதே கோச். முத்திரை மாறிய ஊரில் கோச்சும் கழன்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதற்குக் கோச் புத்தகமோ போட்டோவோ சாட்சி வேண்டும்.

மெயில் என்று பெயர் வைத்த எல்லா ரயிலிலும் தபால் கோச் இருந்ததா? மற்றவற்றில் இல்லையா?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தபாலைச் சுமந்ததால் வந்த பெயர்தான் அது, ஆனால் ஆர்.எம்.எஸ். செக்ஷன்கள் எக்ஸ்பிரஸிலும் சாதாரண பாசஞ்சரிலும் ஓடின. பல ரயில்களில் முழுக் கோச்சே கிடையாது, கோச்சின் ஒரு பகுதியைத் தடுத்துக் கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு அளவே வைத்திருந்தார்கள், 15, 30 அல்லது 60 அடி, வழித்தடத்தில் தபால் எவ்வளவோ அதற்கேற்ப. கிளைப்பாதை லேஅவுட் வைத்திருப்பவர்களுக்கு 15 அடி அறை உள்ள கோச்தான் பொருத்தம். முழுத் தபால் கோச்சை இரண்டு பெட்டி ரயிலில் மாட்டினால் கிராமத்துக்கே தினம் ஆயிரம் கடிதம் வந்த கணக்காகிவிடும்.

1963 ரயில் கொள்ளையில் சிக்கிய ரயிலைச் செய்ய ஆசை. என்னென்ன வேண்டும்?

ஆசை எல்லாருக்கும் உண்டு. 1963 ஆகஸ்ட் 8 அதிகாலை, கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வந்த "அப் ஸ்பெஷல்" தபால் ரயில். இன்ஜின் டி326, இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டைப் 4 டீசல், பச்சை நிறம். பின்னால் 12 கோச். கிளாஸ்கோவிலிருந்தே மொத்தமும் வரவில்லை, கார்ஸ்டேர்ஸிலும் கார்லைலிலும் சேர்ந்துகொண்டே வந்தது. இன்ஜினை அடுத்து ஒரு பார்சல் வேன், இரண்டாவதாகப் பணப்பைகள் இருந்த உயர்மதிப்புக் கோச். கொள்ளையர்கள் சிக்னலைச் சிவப்பாகக் காட்டி நிறுத்தி, அந்த இரண்டை மட்டும் இன்ஜினோடு கழற்றிப் பிரிடெகோ பாலம் வரை கொண்டுபோனார்கள். ஆக, டயோராமா, அதாவது ஓடாமல் நிற்கும் ஒரு காட்சி, மட்டும் போதும் என்பவருக்கு இன்ஜின், வேன், ஒரு கோச், ஒரு பாலம், அவ்வளவுதான் செலவு.

இந்த ரயில் இன்னொரு விதத்தில் நல்ல பாடம். கூடுதல் பாதுகாப்போடு கட்டிய உயர்மதிப்புக் கோச்சுகள் அப்போது பழுதில் நின்றதால் அன்றைக்கு ஓடியது மாற்றுக் கோச். புத்தகத்தில் இருக்கும் வரிசையை அப்படியே செய்தால் அந்த ராத்திரியின் ரயில் வராது. விசாரணை, வழக்கு என்று காகிதம் குவிந்ததால் இதைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது, சாதாரண ராத்திரிகளில் எந்தக் கோச் மாறி ஓடியது என்பதற்குச் சாட்சி போட்டோ மட்டும்தான்.

பிராட் கேஜ் ஆர்.எம்.எஸ். கோச்சை எச்.ஓ. அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) செய்தால் தண்டவாளம் பொருந்துமா?

கணக்குப்படி பொருந்தாது. 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும், கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை வகைக் கோச்சின் உடல் 21.337 மீட்டர், எச்.ஓ.வில் 245 மில்லிமீட்டர். கோச்சை அளவாகச் செய்து 16.5-இலேயே ஓட்டுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கால் ஒடுங்கித் தெரியும், பக்கத்திலிருந்து யாருக்கும் தெரியாது. 19.3-க்குத் தண்டவாளமும் சக்கரமும் நீங்களே செய்வீர்கள் என்றால் உங்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை.

வரைபடம் இல்லாமல் போட்டோவிலிருந்து அளவெடுப்பவர்களுக்கு: ஐ.சி.எஃப். போகியில், அதாவது கோச்சின் அடியில் இருக்கும் சக்கரச் சட்டத்தில், இரண்டு அச்சுகளுக்கு இடையே 2896 மில்லிமீட்டர். நேர்ப் பக்கவாட்டாக எடுத்த போட்டோ என்றால் அதையே அளவுகோலாக வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். சாய்வாக எடுத்த போட்டோவில் இது வேலைக்கு ஆகாது.

உள்வேலை செய்ய வேண்டுமா? வெளியே தெரியவா போகிறது?

பகலில் ஓட்டினால் தெரியாது, விட்டுவிடலாம். விளக்கை அணைத்து ராத்திரி ரயிலாக ஓட்டினால் லேஅவுட்டிலேயே பளிச்சென்று தெரிவது இந்தக் கோச்தான், ஏனென்றால் உள்ளே விடிய விடியக் கையெழுத்து படிக்கும் வேலை, நல்ல வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும். அறை வரிசையைக் கட்டம் கட்டமாகச் செதுக்க வேண்டியதில்லை. கணினியில் வரைந்து அட்டையில் அச்சடித்து ஒட்டுங்கள், முன்னால் ஒரு மில்லிமீட்டர் மேஜை விளிம்பு, சில அறைகளில் வெள்ளைக் காகிதத் துணுக்கு. எதிர்ப்பக்கம் கொக்கியில் பைகள்: டிஷ்யூ காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்து மடித்தால் பை போலவே தொங்கும். ஆட்கள் மேஜையை ஒட்டி நிற்க வேண்டும், உட்கார வைக்காதீர்கள்.

1936-இல் பிரிட்டிஷ் தபால் துறை எடுத்த பிரபலமான ஆவணப்படத்தைப் பார்த்து உள்வேலை செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் கடிதம் பிரிக்கும் காட்சி ஓடும் ரயிலில் எடுத்ததே இல்லை, ஸ்டுடியோவில் போட்ட செட். ரயில் ஆடுவது போலத் தெரிய ஆட்களே ஆடினார்கள். வேலை எப்படி நடந்தது என்பதற்கு அது அருமையான சாட்சி. அளவெடுக்க அசல் கோச்சின் வரைபடத்தையே பாருங்கள்.

தபால் ரயில் மட்டும் ஓட்டினால் போரடிக்காதா?

சுற்றிச் சுற்றி ஓட்டினால் எந்த ரயிலும் போரடிக்கும். தபால் ரயிலின் சுவாரஸ்யம் ஸ்டேஷனில்தான். ஏற்கனவே கிடைத்த அட்டவணையிலிருந்து ஒரு ஜங்ஷனை எடுங்கள். கிளைப்பாதை ரயில் முன்கூட்டியே வந்து தன் தபால் வேனை விட்டுப் போக வேண்டும். மெயின் லைன் ரயில் வந்ததும் ஷண்டிங் இன்ஜின் அந்த வேனைச் சரியான முனையில், சரியான பக்கம் பார்த்து மாட்ட வேண்டும், அதற்குள் பிளாட்பாரத்தில் கை வண்டிகள் கோச் கதவுக்கு நேராக நிற்க வேண்டும், கொடுத்த நிமிடத்தில் ரயில் கிளம்ப வேண்டும். கிளை ரயில் தாமதமானால் மெயின் லைன் ரயிலை நிறுத்தி வைப்பதா, வேனை விட்டுவிட்டு அனுப்புவதா? அந்த முடிவை எடுக்க ஒரு நண்பரை ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார வையுங்கள், கடிகாரத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.